பச்சை பிரஷ்ஷின் ஈரம்

அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போனாள் என்பதை நான் கடிகாரத்தில் பார்த்ததில்லை. அவளுடைய பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு ஒரே அறை. அதில் ஒரு மூலை சமையலுக்கு. இன்னொரு மூலையில் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் குளிக்கிற இடம். அங்கே ஜன்னல் கட்டையில், கைப்பிடி உடைந்த கோப்பை ஒன்றில் எங்கள் பிரஷ்கள் நின்றிருக்கும். பச்சை அம்மாவுடையது, மஞ்சள் என்னுடையது. அப்பாவின் பிரஷ் அத்திபெலேயில் இருந்தது. தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு பிழைப்புத் தேடி இறங்கிய அப்பாவுக்கு அத்திபெலேயில் ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். வரும்போது தன் பிரஷ்ஷைச் சட்டைப் பையில் பேனாவைப் போலச் செருகிக்கொண்டு வருவார்.

அம்மா வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். அவர்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன் விடிவதற்கு முன்பே மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். நான் கண் விழிக்கும்போது டப்பாவில் சோறு இருக்கும், நாற்காலியில் யூனிஃபார்ம் இருக்கும், ஃபிளாஸ்கில் பால் இருக்கும். அம்மா இருக்கமாட்டாள். எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை பச்சை பிரஷ்ஷின் முடியை விரலால் தொட்டுப் பார்ப்பதுதான். ஈரமாக இருந்தால் இப்போதுதான் போயிருக்கிறாள் என்று அர்த்தம். அந்த ஈரம் விரலில் பட்டால் போதும், வீட்டில் நான் ஒன்றும் ரொம்ப நேரமாகத் தனியாக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்புறம்தான் பல் தேய்ப்பேன். தேய்ப்பேன் என்று சொல்வது மரியாதைக்கு. பேஸ்ட்டை நாக்கில் வைத்து ருசி பார்த்துவிட்டு, முன்பற்களுக்கு மட்டும் பிரஷ்ஷைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

நாலாம் வகுப்பில் தசரா விடுமுறை முடிந்த சமயத்தில் பச்சை பிரஷ் காய ஆரம்பித்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு தினமும். தொட்டால் துடைப்பக்குச்சி மாதிரி விறைப்பாகக் குத்தும். எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. அம்மா முன்னைவிட ரொம்பச் சீக்கிரமாகப் போகிறாள். பிரஷ் காயும் அளவுக்கு நேரம் ஆகியிருக்கிறது என்றால் ராத்திரியோடு ராத்திரியாகவே கிளம்பியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பெரியவர்கள் சீக்கிரம் போவதற்குக் காரணம் நாம்தான் என்று நம்புகிற வயது அது.

நம்புவதற்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. அம்மா படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். அதற்கு முன்பெல்லாம் நாங்கள் முகத்தோடு முகம் பார்த்துத்தான் படுப்போம். அம்மா என் மூக்கில் தன் மூக்கை உரசுவாள். வேனில் யார் தூங்கி விழுந்தார்கள், லிஃப்டில் எந்த சார் வழி தெரியாமல் ஏறி இறங்கினார் என்று கிசுகிசுப்பாகச் சொல்லுவாள். சிரிப்பு வந்தால் இருவரும் போர்வைக்குள் போய்ச் சிரிப்போம். இப்போது எனக்குக் கிடைத்ததெல்லாம் அவளுடைய பின்னலும் ஜாக்கெட்டின் கொக்கிகளும்தான். தலை வாரிவிடும்போது பின்னால் நின்று வாரினாள். பேசினால் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டு பேசினாள். முத்தம் என்பது அடியோடு நின்றுபோனது. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அந்தக் கிராம்பு வாசனைதான் அந்த வருடம் எனக்குக் கிடைத்த அம்மா.

நான் என் குற்றங்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். கோப்பையின் கைப்பிடியை உடைத்தது நான்தான், ஆனால் அது பழைய கேஸ். எங்கம்மா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று வகுப்பில் சொன்னேன், அது பொய்யில்லையே. பால் பிடிக்காத நாளில் ஃபிளாஸ்கைச் சாக்கடையில் கவிழ்த்தது யாருக்கும் தெரியாது. இவற்றில் எதற்காக அம்மா திரும்பிக்கொண்டாள் என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். பிரஷ் அப்படியும் காய்ந்தே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர்கள் வந்தார்கள். டாக்டர்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னாலும் அவர்கள் பல் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும் எங்களைப் பார்த்து அவர்கள்தான் பயந்த மாதிரி இருந்தது. ஆளுக்கு ஒரு சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். அதை மென்று, எச்சிலோடு வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிட்டு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். வகுப்பே வெற்றிலை போட்ட கல்யாணவீடு மாதிரி ஆகிவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சுத்தமான இடத்தில் நிறம் நிற்காது, அழுக்கு இருக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று அவர்கள் சொன்ன பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

என் முறை வந்தது. எனக்கு வாய்த்த டாக்டர் அக்கா கன்னடத்துக்காரி, ஆனாலும் தமிழை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். என் வாய்க்குள் பார்த்தாள். பிறகு கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். முன்னால் இரண்டு பற்களின் நடுவைத் தவிர எல்லாம் செக்கச்செவேல் என்றிருந்தது.

“நோடு புட்டி, பாரு, இதுக்குப் பேரு பிளாக்கு. சாப்பாடு ஒட்டிக்கிட்டிருக்குன்னு நினைக்காதே, இது கிருமிங்க கூட்டம். உங்க வீட்ல தண்ணி டிரம் இருக்குதா? உள்ள கை வெச்சா வழவழன்னு பாசி இருக்குமில்ல? அதே தர, அதே மாதிரிதான். டெய்லி வரும், டெய்லி தேய்ச்சு எடுக்கணும்.”

டிரம் எனக்கு நன்றாகத் தெரியும். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். பிடித்து வைக்கிற நீல டிரம்மின் உட்பக்கத்தை அம்மா கையை முழங்கை வரை விட்டுத் தேய்ப்பாள். நான் தலையை ஆட்டினேன்.

“விட்டா கல்லு ஆயிடும். போர் தண்ணி பாத்திரத்துல வெள்ளையா புடிக்குதில்ல, அப்படி. கல்லு ஆயிட்டா பிரஷ்ல வராது, நாங்கதான் சுரண்டி எடுக்கணும். ஈறு வீங்கும். வாய்ல ஸ்மெல் வரும்.”

ஸ்மெல் என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். அதன் பிறகு அவள் சொன்னதையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பதுபோல் காதில் வாங்கிக்கொண்டேன். பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தக் கூடாது. பல்லின் பின்பக்கத்தை மறக்கக் கூடாது. காலையிலும் தேய்க்க வேண்டும், படுக்கும் முன்பும் தேய்க்க வேண்டும். கடைசியாக அவள் விரலை நீட்டிச் சொன்னாள்.

“தேய்க்கும்போது ரத்தம் வந்தா பயந்து நிறுத்தக் கூடாது, தெரிஞ்சுதா? பிரஷ்ஷால ரத்தம் வரல, அந்தப் பாசியாலதான் வருது. மெத்துனு இருக்கிற பிரஷ்ஷா வெச்சு, மெதுவா அதே எடத்துலதான் தேய்க்கணும். அப்பவும் நிக்கலன்னா எங்க காலேஜுக்கு வா.”

ஆளுக்கு இரண்டு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள், வீட்டில் சோதித்துப் பார்க்க. நான் அதை வாங்கிக்கொண்டு நடந்தபோது எனக்கு அவமானமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. அம்மா ஏன் திரும்பிக்கொள்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன். என் வாய் நாறுகிறது. பெற்ற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வாள், பாவம், அதனால்தான் சுவரைப் பார்த்துக்கொள்கிறாள். இது சரிசெய்யக்கூடிய குற்றம்.

அன்றிலிருந்து நான் பல் தேய்த்த தேய்ப்பை எந்தப் பல் டாக்டர் பார்த்திருந்தாலும் கண்கலங்கியிருப்பார். ஆணியில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைக் காது வரை இழுத்து, மேல் வரிசை, கீழ் வரிசை, உள்பக்கம், கடைவாய் என்று விடாமல் போவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வரும் வரை வேறு வேலையும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியை வாங்கி, கதவைத் திறந்து, யாரும் இல்லாத வீட்டுக்குள் நுழைந்ததும் பையைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொள்வேன். கண்ணாடிக்குள் ஒரு ஆளாவது இருந்தது. பல் இடுக்கில் நூல் விட்டு எடுக்க வேண்டும் என்று அந்த டாக்டர்கள் ஒரு படம் காட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா பூக்கட்டி விற்கிறவள், அவளிடம் பூ நூல் கொஞ்சம் கேட்டேன். எதற்கென்று சொன்னதும் கையிலிருந்த மல்லியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏன்டி, பல்லுக்கு மாலை கட்டப் போறியா? ஈறு கிழிஞ்சுடும், போடி அந்தாண்ட.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பூ நூல் முரடு, முதல் இடுக்கிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நூலை விட்டேன், பிரஷ்ஷை விடவில்லை.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் மாத்திரையை மென்றேன். கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். வெள்ளை. கீழ்ப்பற்களுக்குப் பின்னால் மட்டும் கோடு போல ஒரு சிவப்பு. அதையும் தேய்த்து எடுத்தேன். நாக்கைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை, அது ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. வாசலில் உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருந்தேன்.

அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் முன்னால் போய் நின்று, “ஈ” என்று பல்லைக் காட்டினேன். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அவள் கண் விரிந்தது.

“ஐயோ, முத்து மாதிரி இருக்குதே! யாருடி சொல்லிக் குடுத்தது?” என்றாள், முந்தானைக்குள்ளிருந்து.

முகம் கிட்டத்தில் இருந்தது. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று எம்பி நின்று அவள் முகத்துக்கு நேரே “ஹா” என்று ஊதினேன். நாற்றம் இல்லை பார், இப்போது முத்தம் கொடுக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அம்மா சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இழுத்த வேகத்தில் முந்தானையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

படுத்த பிறகு அவளுடைய முதுகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், பாசி, கல், ஈறு ஓரம், வட்டம், இரண்டு வேளை. ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். இவ்வளவு செய்திருக்கிறேன், இனியாவது திரும்பு என்று நேராகச் சொல்லத் தெரியாததால் பல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ரத்தம் வந்தாலும் தேய்க்கணும்னா சொன்னாங்க?”

“ஆமாம்மா. பிரஷ்ஷால வரலையாம், பாசியாலதான் வருதாம். நிறுத்துனா இன்னும் ஜாஸ்தியாயிடுமாம். எனக்கு ரத்தம் வரலைம்மா.”

“உனக்கு இல்லடி. சும்மா கேட்டேன். தூங்கு.”

அவ்வளவுதான். அவள் திரும்பவில்லை. எனக்கு வந்த அழுகையை வாயை மூடிக்கொண்டு அழுதேன். நாற்றம் போயும் அம்மா திரும்பவில்லை என்றால், அவளுக்குப் பிடிக்காதது என் வாய் இல்லை, நான்தான். என் வாழ்க்கையில் அதைவிடத் தனியாக நான் இருந்ததில்லை. அம்மா ஒரு சாண் தூரத்தில்தான் படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்ததும் புகார் வைத்தேன். அம்மா என்னிடம் பேசுவதே இல்லை என்றேன். அப்பா பீடியை அணைத்துவிட்டு, “அவ எங்கிட்டயே இப்பல்லாம் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல பாப்பா. டயர்டு, விடு” என்றார். அப்பாவிடமுமா? எனக்கு உடனே சந்தேகம் வந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். பீடிக் கறையும் டீக் கறையுமாகக் கடைவாய் வரை ஒரே மரக்கலர். அம்மா இவரிடம் பேசாததில் ஆச்சரியமே இல்லை என்று முடிவுகட்டி, பச்சைக்குழந்தைக்குச் சொல்வதுபோல் பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடிப்பது எப்படி என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தானும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிரித்திருக்கலாம். வரவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து வழக்கம்போல் பச்சை பிரஷ்ஷைத் தொட்டேன். ஈரமாக இருந்தது.

நன்றாக, சொட்டச் சொட்ட ஈரம். முடியெல்லாம் சிவப்பாக இருந்தது. குளிக்கிற இடத்துக் கல்லில் கழுவியும் போகாத சிவப்புத் தெறிப்புகள். ஓடிப்போய் என் பென்சில் டப்பாவைத் திறந்தேன். காகிதம் இருந்தது, இரண்டாவது மாத்திரை இல்லை. என்னைக் கேட்காமல் என் மாத்திரையை எடுத்துவிட்டாளே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது. பிரஷ் ஈரமாக இருக்கிறது. அம்மா இப்போதுதான் போயிருக்கிறாள். ஓடினால் பிடித்துவிடலாம்.

கதவைச் சாத்தினேனா என்றுகூட நினைவில்லை. செருப்பில்லாமல், இரவு போட்டிருந்த கவுனோடு, சந்து முனையைத் தாண்டி மெயின் ரோடு வரை ஓடினேன். வேன் நிற்கிற இடத்தில் ஒரு நாயும் குப்பை வண்டியும்தான் நின்றன. பக்கத்து டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“யாகம்மா, ஏன் ஓடி வர்றே? அம்மாவா? வேன் ஆகலே, அப்பவே போயிடுச்சு. டெய்லி அதே டைம்தானே.”

“இல்லண்ணா, இன்னிக்கு லேட்டாத்தான் போயிருக்காங்க. பிரஷ் ஈரமா இருக்கு.”

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. புரியாவிட்டாலும் பன் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். “வருஷக்கணக்கா பாக்கறேன், வேன் ஒரே டைமுக்குத்தான் வருது, ஒரே டைமுக்குத்தான் ஏறுறாங்க. முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. மனைகே ஹோகு, வீட்டுக்குப் போ” என்றார். டீ ஆற்றுகிறவருக்கு என் அம்மாவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, பன்னைத் தின்றுகொண்டே திரும்பி நடந்தேன். தின்றதும் வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை.

சாயங்காலம் அம்மா வந்ததும் வழக்கைத் தொடங்கினேன்.

“என் மாத்திரையை எடுத்தியா?”

“ஆங். சும்மா பாத்தேன்.”

“எவ்ளோ செவப்பு வந்துச்சு?”

“கொஞ்சந்தான்” என்று சொல்லிவிட்டு, “அந்த டாக்டருங்க காலேஜு எங்கன்னு சொன்னாங்களா?” என்றாள்.

ஆக, என் வாய் இன்னும் சரியாகவில்லை. கல்லூரி வரைக்கும் கொண்டுபோக வேண்டிய அளவுக்கு ஏதோ இருக்கிறது.

போகிற அன்று அம்மா லீவு போட்டாள், எனக்கும் லீவு. பூக்கட்டும் அக்கா வாசலிலேயே மறித்தாள். “கிளீன் பண்ணிக்காதே, சொல்லிட்டேன். எங்க நாத்தனாரு பண்ணிக்கினு வந்தா, பல்லு எல்லாம் லூசாயிடுச்சு. கிராம்பு வெச்சுக்கோ, தானா போயிடும்” என்றாள். இதை ஏன் என்னிடம் சொல்லாமல் அம்மாவிடம் சொல்கிறாள் என்று யோசித்தேன். அம்மா ஒரு நிமிடம் நின்றாள். அவள் கை என் கையை இறுக்கியது. திரும்பி வீட்டுக்குள் போய்விடுவாள் என்று நினைத்தேன். “இல்லக்கா, நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கல்லூரியில் பெரிய கூடம். வரிசை வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். எங்கள் டாக்டர் அக்கா அங்கே இருந்தாள். என்னை ஏற்றி உட்காரவைத்து, பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். “சன்னாகிதெ புட்டி! சூப்பர்!” என்றாள். என்னை இறக்கிவிட்டார்கள். அதே நாற்காலியில் அம்மா ஏறிப் படுத்தாள். அப்போதுதான் அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். டாக்டர் அக்கா என்னைப் பார்த்து, வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுரண்டுகிற சத்தம் கேட்டது. தரையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் பார்வையால் நொண்டியடித்தேன். அம்மா வெளியே வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. கண் சிவந்திருந்தது. பேச முடியாது என்று கையால் காட்டினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கக் கேட்க, என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகும் அம்மா சில முறை அங்கே போய்வந்தாள், என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒருநாள் அரிசி களைந்துகொண்டே அம்மா இதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னாள். அந்தத் தசரா சமயத்தில் பிரஷ்ஷைத் தொட்டாலே அவளுக்கு ஈறிலிருந்து ரத்தம் வந்திருக்கிறது. பிரஷ்தான் குத்துகிறது என்று நினைத்து அதை நிறுத்திவிட்டு, சிவப்புப் பல்பொடியை விரலில் எடுத்து முன்னால் மட்டும் தடவிக்கொண்டு போயிருக்கிறாள். பொடியும் சிவப்பு என்பதால் துப்பியதில் எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. நாற்றம் தெரிந்திருக்கிறது. கம்பெனியில் டீ, காபி கொடுக்கிற பேன்ட்ரியில் இருந்தால் ஆட்களோடு பேச வேண்டியிருக்கும் என்று, தானாகக் கேட்டு கார் நிறுத்துகிற கீழ்த்தளத்துக்கு வேலையை மாற்றி வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டபோது இவள் படிக்கட்டுக்கு அடியில் தனியாகச் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்தால் நான் ஒருத்தி பல்லைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு மூக்குக்கு நேரே முகத்தை நீட்டுகிறேன். விடியாத இருட்டில் அந்தச் சின்னக் கண்ணாடியில் தன் வாய் முழுவதும் சிவப்பாக இருப்பதை அவள் மட்டும் பார்த்திருக்கிறாள். கீழ்வரிசையில் ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவையெல்லாம் இன்றைக்கும் உறுதியாக இருக்கின்றன. அதைக் கேட்ட அன்று நான் அரிசிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரே அறையில், ஒரே போர்வையில், அவரவர் வாயை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு பேர் படுத்திருந்திருக்கிறோம்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மழைக்காலம் தொடங்கிய ஒருநாள் படுக்கப் போகும்போது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பவில்லை என்பதுதான். என்னைப் பார்த்துப் படுத்தாள். முந்தானை தோளில் இருந்தது. கீழ்வரிசையில் ஒரு பல் இருந்த இடம் இருட்டாகத் தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா மெல்ல என் மூக்கில் தன் மூக்கை உரசினாள். பிறகு, நான் அன்று செய்ததுபோலவே, என் முகத்தில் “ஹா” என்று ஊதினாள். ஊதிவிட்டு என் கண்ணையே பார்த்தாள், ஏதோ பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

நானும் திருப்பி “ஹா” என்று ஊதினேன். எவ்வளவு பாடுபட்டு வாங்கிய வெற்றி இது, விட்டுவிட முடியுமா?

“பாத்தியா, நான் நல்லா பல்லு தேய்ச்சேன் இல்ல, அதனாலதான் நீ திரும்பிப் படுத்தே” என்றேன்.

அம்மா சிரித்தாள். வாயை மூடாமல் சிரித்தாள். “ஆமாடி, உன்னாலதான்” என்று சொல்லி, என் நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். கிராம்பு வாசனை இல்லை. பேஸ்ட் வாசனை வந்தது.

காலையில் எழுந்து பச்சை பிரஷ்ஷைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. அம்மா இப்போதெல்லாம் கொஞ்சம் லேட்டாகத்தான் வேலைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.